ஐம்பதிலும் வளையும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பழகிவரும் பழமொழி. இளமையிலேயே நற்பழக்கங்களைக் கற்க வேண்டும் என்று சிறுவர்க்கு அறிவுறுத்த எழுந்த சொல் அது. ஆனால், பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் அதனைத் தமக்கு வழங்கப்பட்ட தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். "இனி நடந்து என்ன ஆகப்போகிறது? இந்த வயதில் ஓட்டமா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிடுகின்றனர். வீட்டில் உள்ளோரும், "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கூறி அவர்களை எழவிடுவதில்லை. அந்த அன்பு உண்மையானதே. ஆயினும் அதன் விளைவு நல்லதன்று. ஓய்வு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை முதுமைக்கு அளவான, ஒழுங்கான இயக்கம்.

பழமொழிக்கு மறுமொழியாக அமைந்தது ஒருவரின் வாழ்க்கை. பஞ்சாபில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் பௌஜா சிங். கால்கள் வலுவற்றிருந்தமையால் ஐந்து வயது வரை அவரால் நடக்க இயலவில்லை என்று அவரது வரலாறு கூறுகிறது. உழவராக வாழ்ந்து, முதுமையில் இங்கிலாந்தில் குடியேறிய அவர், மகனை இழந்த துயரிலிருந்து மீளவே ஓடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டு, தம் 89ஆம் வயதில், இலண்டன் மாரத்தானின் 42 கிலோமீட்டர் தொலைவையும் கடந்தார். 2011இல் கனடாவின் டொராண்டோ நகரில், நூறு வயதில், மீண்டும் ஒரு மாரத்தானை ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நூலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. சான்றிதழ் இல்லாவிடினும், ஐந்தில் நடவாத கால்கள் நூறில் ஓடியதை உலகம் கண்டது.

எல்லா முதியவரும் பௌஜா சிங் ஆக வேண்டியதில்லை. அவர் வாழ்க்கையிலிருந்து கொள்ள வேண்டியது ஓடிய தொலைவை அன்று. தொடங்குவதற்கு வயது தடையில்லை என்னும் தெளிவையே.

நானூறு மீட்டர்

நடைப்பயிற்சியின் பயனைப் பேசுவோர் பெரும்பாலும் ஆயுளையே பேசுவர். அதனினும் முதன்மையான பயன் வேறொன்று உண்டு. அது, பிறர் கையை எதிர்பாராமல் வாழ்தல். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். இவர்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்வர் என்பதோடு, அந்த ஆண்டுகளை எவ்வாறு வாழ்வர் என்பதும் ஒரு பெருங்கேள்வியாகும்.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2014இல் வெளியாயின. அவர்கள் அனைவரும் பெரும்பாலும் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தவர்கள். உடல் தளரத் தொடங்கியவர்கள். ஒரு குழுவினர்க்கு நடையும், தசையை வலுப்படுத்தும் எளிய பயிற்சிகளும் அளிக்கப்பட்டன. மற்றொரு குழுவினர்க்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள் நடத்தப்பட்டன. ஆய்வின் அளவுகோல் எளியது: துணையின்றி 400 மீட்டர் நடக்க இயலுமா? இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்த ஆய்வில், அவ்வாற்றலை இழக்கும் வாய்ப்பு நடந்த குழுவினர்க்கு 18 விழுக்காடு குறைவாக இருந்தது.

நானூறு மீட்டர் என்பது இளைஞர்க்குப் பொருட்டன்று. முதியவர்க்கோ அது வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள தொலைவு. மருந்துக்கடை, கோயில், நூலகம், வாக்குச்சாவடி, நண்பர் வீடு ஆகியவற்றுக்குச் செல்லும் தொலைவு. அதனை இழந்தவருக்கு ஊரே சுருங்கி ஓர் அறையாகிவிடுகிறது.

மருத்துவ அறிவும் இதற்குத் துணை நிற்கிறது. வயது ஏற ஏறத் தசைகள் மெலிகின்றன. எலும்புகள் வலிமை இழக்கின்றன. உடலின் சமநிலை குறைகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, கால்களிலுள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலேற்றுகின்றன. தசைகள் சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்வதால் நீரிழிவு கட்டுப்படுகிறது. இரத்த அழுத்தம் தணிகிறது. உறக்கமும் மன அமைதியும் கூடுகின்றன.

ஓய்வும் மீட்சியும்

ஓய்வின் இடத்தையும் நடையின் இடத்தையும் உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று பெங்களூருக்கு அருகிலேயே உண்டு. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 57 வயதான காந்தியடிகள் உயர் இரத்த அழுத்தத்தால் நோயுற்றார். மருத்துவர் அறிவுரைப்படி நந்திமலையில் பல வாரங்கள் தங்கினார். பின்னர்ப் பெங்களூரிலும் ஓய்வு கொண்டார். நோய் தணிந்தபின், நாள்தோறும் நடப்பதை வழக்கமாகக் கொண்டிருந்த அவர், நாற்காலிக்கு உரியவராகிவிடவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின், 1930இல், தம் அறுபதாம் வயதில், சபர்மதியிலிருந்து தண்டி வரை ஏறத்தாழ 385 கிலோமீட்டர் தொலைவை 24 நாள்களில் நடந்து கடந்தார். அதே ஆண்டில், ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்து பெங்களூரில் கல்வி கற்ற இராஜாஜி, ஐம்பதைக் கடந்த நிலையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களை நடத்திச் சென்றார். நோய்க்கு ஓய்வு மருந்து. மருந்தை நோய் தீரும்வரை உண்ணலாம். அதனையே உணவாக்கிக் கொள்ளலாகாது.

அளவும் ஒழுங்கும்

"எவ்வளவு நடக்க வேண்டும்?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் என்னும் கணக்கு இன்று எங்கும் பரவியுள்ளது. அது மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965ஆம் ஆண்டு சப்பானில் விற்பனைக்கு வந்த அடிகள் எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, சராசரி வயது 72 உடைய ஏறத்தாழ 17,000 பெண்களைக் கவனித்தது. நாளொன்றுக்கு 4,400 அடிகள் நடந்தோரிடையே, 2,700 அடிகளே நடந்தோரைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் காணப்படவில்லை. எனவே, பத்தாயிரத்தை எட்ட இயலவில்லையே என்று வருந்தி, நடப்பதையே விட்டுவிடுவது பேதைமை.

உலக நலவாழ்வு அமைப்பு, முதியோர் உட்பட வளர்ந்தோர் அனைவரும் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள்கள் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் இந்த அளவு நிறைவேறும். முதியவர்கள் சமநிலைக்கும் தசை வலிமைக்கும் உரிய பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவ்வமைப்பு வலியுறுத்துகிறது. நடக்க இயலாதவர்கள் அமர்ந்த நிலையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளும் உள்ளன.

நடை பழகியவர்கள் விரும்பினால் மெல்லோட்டத்திற்குச் செல்லலாம். ஓட்டம் மூட்டுகளைத் தேய்த்துவிடும் என்னும் அச்சம் மக்களிடையே உண்டு. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், ஐம்பது வயதைக் கடந்த ஓட்டப் பழக்கமுடைய 538 பேரையும், அப்பழக்கமில்லாத 423 பேரையும் 1984 முதல் தொடர்ந்து கவனித்தனர். 19 ஆண்டுகளுக்குப் பின் ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 34 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். எழுதல், நடத்தல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் தடுமாற்றம் ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் பிந்தியே வந்தது. ஓடியவர்கள் தொடக்கத்திலேயே நல்ல உடல்நலம் உடையவராக இருந்திருக்கலாமே என்னும் ஐயம் எழலாம். ஆய்வாளர்கள் அதனையும் கணக்கிற் கொண்டனர். அதன் பின்னரும் வேறுபாடு நீடித்தது. அவர்களுள் ஒரு சிறு குழுவினரின் முழங்கால்களை ஆராய்ந்தபோது, ஓட்டத்தால் மூட்டுத் தேய்மானம் மிகுந்ததாகத் தெரியவில்லை.

ஆயினும், மெல்லோட்டம் மெல்லவே தொடங்கப்பட வேண்டும். முதல் சில வாரங்கள் பத்து நிமிட நடை போதும். அரைமணி நேரம் களைப்பின்றி நடக்கப் பழகியபின், ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செய்யலாம். ஓடும்போது உடன்வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இதயநோய், நீரிழிவு, மூட்டுவலி உடையவர்கள் மருத்துவரிடம் கேட்டபின்பே ஓட்டத்தைத் தொடங்குதல் நன்று. காலுக்குப் பொருந்திய காலணியும் இன்றியமையாதது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரே நாளில் அம்மியைத் தூக்க முயல்வோர்க்கு இடுப்புவலியே மிஞ்சும்.

"வீட்டுவேலையே போதுமான பயிற்சி" என்று கூறும் மூதாட்டியர் பலர். வீட்டுவேலையும் உடலியக்கமே; அதனை எளிதாகக் கருதலாகாது. ஆயினும், அடுப்படிக்குள் நின்றும் குனிந்தும் செய்யும் வேலை, இதயத்துடிப்பை அரைமணி நேரம் சீராக உயர்த்துவதில்லை. வெளியுலகக் காட்சியையும் தோழமையையும் தருவதில்லை. குடும்பத்தார் சமையற்பொறுப்பில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு, பாட்டிக்குக் காலையில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

பெங்களூரின் வளமும் குறையும்

நடப்போர்க்கு இயற்கை வாரி வழங்கிய நகரம் பெங்களூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், சென்னையின் புழுக்கம் இங்கு இல்லை. ஐதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் 240 ஏக்கர்ப் பரப்பில் விரிந்துள்ளது. 1870இல் உருவான கப்பன் பூங்காவில் மூங்கிற்புதர்களுக்கிடையே நிழற்பாதைகள் உள்ளன. அல்சூர் ஏரியின் அருகே 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 'மருந்து' என ஓர் அதிகாரமே வகுத்த அப்புலவரின் முன்னால் நடைபயிலும் பேறு இந்நகரத் தமிழர்க்கு வாய்த்துள்ளது. 2008இல் இந்நகரில் தொடங்கிய பத்துக் கிலோமீட்டர் ஓட்டவிழாவில் மூத்த குடிமக்களுக்கெனத் தனி ஓட்டமும் உண்டு.

குறை இருப்பது பூங்காவில் அன்று. பூங்காவுக்குச் செல்லும் வழியில். பல தெருக்களில் நடைபாதை என்பது கழிவுநீர்க் கால்வாயின் மேல் பரப்பிய பலகைக் கற்களே. ஒரு கல் எழுந்தும் ஒரு கல் அமிழ்ந்தும் கிடக்கின்றன. சில இடங்களில் கல்லே இல்லை. கல் உள்ள இடத்தில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. நெரிசல் நேரத்தில் அவை நடைபாதையின் மீதே ஓடுகின்றன. இளைஞர் தாவிக் கடக்கும் பள்ளம், முதியவரின் இடுப்பெலும்பை முறிக்கப் போதுமானது. ஒருமுறை விழுந்தவர் அச்சத்தால் மறுமுறை வெளியே வருவதில்லை.

இந்நிலை மாற்றத்தக்கதே. சர்ச் தெருவும், அகன்ற நடைபாதையோடு புதுப்பிக்கப்பட்ட ரெசிடென்சி சாலை போன்ற சாலைகளும் அதற்குச் சான்று. தடையற்ற நடைபாதை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தெளிவுபடுத்தியது. ஆகவே, உடைந்த கல்லை மாற்றுமாறு கேட்பது கெஞ்சுதல் ஆகாது. உரிமையைக் கோருதலே ஆகும்.

இதன் இன்றியமையாமையைப் பௌஜா சிங்கின் முடிவும் உணர்த்துகிறது. 2025 ஜூலையில், 114ஆம் வயதில், தம் பிறந்த ஊருக்கு அருகே சாலையில் சென்றபோது வாகனம் மோதி அவர் உயிர்நீத்தார். நூறு வயதில் மாரத்தான் ஓடிய கால்களை முதுமை நிறுத்தவில்லை. ஒரு வாகனம் நிறுத்தியது.

முதியோர் நலம் மூவர் கையில் உள்ளது. எழுந்து முதலடி வைக்கும் மனத்துணிவு முதியவருடையது. அதற்குரிய நேரத்தையும் துணையையும் தருவது குடும்பத்தின் கடமை. விழாமல் நடக்கச் சமமான பாதை அமைப்பது நகராட்சியின் கடமை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்தரா. வண்டியை நடைபாதையில் ஏற்றாமல் இருப்பதும், தாத்தாவுடன் தெருமுனை வரை நடந்து வருவதும் மாணவர் எவரும் இன்றே தொடங்கத்தக்கவை. அவ்வாறு செய்யும் ஐந்து வயதுச் சிறுவனும் நடக்கப் பழகுகிறான். ஐம்பதில் வளைய வேண்டிய தேவை அவனுக்கு வாராது.