கல்லில் எடுத்த படங்கள்



கனடாவின் வடகோடியில் கேப் டோர்செட் என்றொரு ஊர். 2020இலிருந்து கிங்ஙைட் என்பதே அதன் பெயர். அங்கு வாழ்ந்த பிட்சியோலாக் அஷூனா என்ற இனுயிட் பெண்ணைப் பற்றி வாசித்ததிலிருந்து அவர் என் மனதைவிட்டு அகலவில்லை.

வேட்டைக்காரரான கணவர் நோயில் இறந்தபோது கையிலே சிறு பிள்ளைகள். பல வருடங்கள் கஷ்டத்திலேயே கழிந்தன. பின்னர் ஆடைகள் தைத்து விற்றார். 1950களின் இறுதியில் ஊரில் அச்சோவிய வேலை தொடங்கியது. உறவினர் ஒருவரின் படங்களைக் கண்டு தானும் பென்சிலை எடுத்தார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது! காசுக்காகவே தொடங்கினார். அதில் என்ன வெட்கம்?

ஒருவர் வரைந்ததை இன்னொருவர் கல்லிலே செதுக்குவார். கல்லில் மை பூசி, மெல்லிய தாளை மேலே விரித்து, தேய்த்து எடுப்பார்கள். பெரும்பாலும் 50 பிரதிகள்தான். அதன்பின் அந்தக் கல்லில் உள்ள உருவத்தை அழித்துவிடுவார்கள். படங்களை வாங்கி விற்றது 1959இல் உருவான ஊர்க் கூட்டுறவுச் சங்கம். அது இன்றும் இயங்குகிறது.

1983இல் இறக்கும்வரை பிட்சியோலாக் வரைந்தவை 7000க்கும் அதிகம். பட்டினிக் காலத்தை அவர் அதிகம் வரையவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கோடைக் கூடாரங்கள், பறவைகள், முதுகிலே பிள்ளையைச் சுமந்த தாய்மார், இடம்பெயர்ந்து நடக்கும் குடும்பங்கள்... இவைதான் அவரது படங்கள். மகள் நபாச்சியும், நபாச்சியின் மகள் அன்னியும் பின்னாளில் அதே ஊரில் ஓவியர்களானார்கள்.