“காஸ் முடிஞ்சிட்டு” என்று சொன்னால்...

வீடும் கருவியும் - மாதாந்தப் பகுதி



கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நமது கரையோர ஊர்களில் மத்தியான வேளையில் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. மருதமுனை முதல் பொத்துவில் வரை எல்லா இடத்திலும் இதே நிலைதான். இந்த வெக்கையில்தான் பல சகோதரிகள் வீட்டு அறையொன்றில் தையல், மணப்பெண் அலங்காரம், பிள்ளைகளுக்கான டியூசன் வகுப்பு என்று தொழில் செய்து குடும்பத்தைக் கொண்டு செல்கிறார்கள். யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் உழைப்பவரை இழந்த வீடுகளும் இவற்றில் உண்டு. பெண்கள் மட்டும் வந்து போகும் அறை என்பதால் யன்னலைத் திறந்து வைக்கவும் முடியாது. அதனால் பாவித்த யன்னல் ஏ.சி. ஒன்றைக் கடனுக்கோ, வெளிநாட்டில் உழைத்த காசிலோ வாங்கிப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல, தையல் மெஷினைப் போல ஒரு தொழிற்கருவி.

அந்த ஏ.சி. ஓடுகிறது, ஆனால் குளிர் போதவில்லை. திருத்துபவர் வந்து பார்த்து, “காஸ் முடிஞ்சிட்டு, அடிக்க வேணும்” என்கிறார். பல ஆயிரம் ரூபா போகிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. இந்த மாதம் இதைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யின் காஸ், அடுப்புக் காஸ் போல எரிந்து தீர்ந்து போவதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அறைப் பக்கமுள்ள குளிர்ந்த சுருளில் வெப்பத்தை எடுத்து, வெளிப் பக்கமுள்ள சூடான சுருளில் கொண்டுபோய் விடுகிறது. காஸ் குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது, ஓட்டை வாளிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

ஆனால் குளிர் குறைவதற்கு எப்போதும் காஸ்தான் காரணம் என்றும் இல்லை. செலவில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு.

1. பட்டன்கள்: ‘பேன்’ என்ற இடத்தில் இருந்தால் காற்று மட்டும்தான் வரும். ‘கூல்’ என்ற இடத்துக்கு மாற்றுங்கள். சில ஏ.சி.களில் வெளிக் காற்றை உள்ளே விடும் சிறு நெம்பு ஒன்று உண்டு. அது திறந்திருந்தால் குளிர் நிற்காது. மூடிவிடுங்கள்.

2. வடிகட்டி: முன் மூடிக்குள் இருக்கும் வலைத்தட்டு இது. தையல் அறையில் துணித் தூசும் பஞ்சும் இதை மிக விரைவில் அடைத்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு வலையை வெளியே எடுத்து, இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள்.

3. பின்பக்கம்: அறையில் எடுத்த வெப்பம் வெளியேறும் வழி இதுதான். பின்னால் தகரம், தென்னோலை வேலி, காயப்போட்ட துணி என்று எதுவும் நெருங்கியிருக்கக் கூடாது. கச்சான் கொண்டுவரும் தூசியும் கடலின் உப்பும் மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து வழியை அடைக்கும். நாளடைவில் உப்பு சுருளையே அரித்து ஓட்டை போடும். நமது கரையில் காஸ் ஒழுக இது ஒரு முக்கிய காரணம். பிளக்கைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டலாம். அந்தத் தகடுகள் கையை வெட்டும். தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் வேலை திருத்துபவருடையது. கச்சான் தொடங்க முன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை கழுவிக்கொள்வது நல்லது.

4. அறை: தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே சீலிங் இல்லையென்றால் எந்த ஏ.சி.யும் திணறும். கதவுக்கு அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் அடையுங்கள். வெய்யில் விழும் யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். அயர்ன் போடும் வேலையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

5. கரண்ட்: நமது மின்சாரம் 230 வோல்ட். மாலையில் எல்லா வீடுகளிலும் பாவனை கூடும்போது சில இடங்களில் இது குறையும். லைட் மங்கி, ஏ.சி. உறுமிக்கொண்டு குளிராமல் நின்றால், நிறுத்திவிடுங்கள். அப்படியே ஓடவிட்டால் கம்ப்ரெசர் எரியக்கூடும். கரண்ட் போய் வந்தாலும் உடனே போடாமல் 5 நிமிடம் பொறுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் ஏ.சி. போடவே வேண்டாம். தனி வயரும் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின் ஒரு சிறு பரிசோதனை. சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று போதும். ஏ.சி.யை 15 நிமிடம் ஓடவிட்டு, காற்று உள்ளே இழுபடும் இடத்தில் சில நிமிடம் பிடித்து எழுதுங்கள். பின் குளிர்காற்று வெளிவரும் இடத்தில் பிடித்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடையில் சுமார் 8 முதல் 11 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. குறை அறையில்தான், அல்லது அறைக்கு ஏ.சி. சிறியது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வித்தியாசம் சற்றுக் குறையலாம். ஆனால் 3, 4 பாகைதான் என்றால் திருத்துபவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

உள் சுருளில் ஐஸ் பிடித்திருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். நிறுத்தி உருகவிட்டு, வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள். மறுபடியும் ஐஸ் பிடித்தால் காஸ் குறைந்திருக்கலாம்.

திருத்துபவர் வந்தால் தயங்காமல் கேளுங்கள்:

“ஒழுகும் இடத்தை எனக்குக் காட்டுங்க.” சவர்க்கார நுரை பூசினால் ஓட்டையுள்ள இடத்தில் பெரும்பாலும் குமிழி வரும். நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

“ஓட்டையை அடைச்ச பிறகு வெக்யூம் பண்ணுவீங்களா?” குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சிய பின்தான் காஸ் அடிக்க வேண்டும்.

“என்ன காஸ், எத்தனை கிராம்?” இரண்டும் ஏ.சி.யில் ஒட்டிய தகட்டில் இருக்கும். அதே காஸை அதே அளவுக்கு நிறுத்து அடிக்க வேண்டும். பழைய ஏ.சி.களில் பெரும்பாலும் ஆர்-22 என்ற காஸ் இருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகெங்கும் இது படிப்படியாக நிறுத்தப்படுகிறது. அதனால் இதைக் காற்றில் வீணாக விடுவது எல்லோருக்கும் கேடு.

“பில்லும் தவணையும் எழுதித் தாங்க.” மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சுருளே அரித்துப்போய்விட்டது என்றால் செலவைக் கேட்டு, இன்னொருவரிடமும் விசாரித்து, பிறகு முடிவெடுங்கள். பழைய மெஷினுக்கு அதன் விலையில் பாதியைக் கொட்டுவது நட்டம்.

ஓர் எச்சரிக்கை. ஏ.சி.யின் வெளிப்பெட்டியை நீங்கள் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகம் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். உயிருக்கே ஆபத்து.

ஆண் துணையில்லாத வீட்டில் திருத்துபவரை வரவழைக்கச் சங்கடமாக இருந்தால், பக்கத்து வீட்டு ராத்தாவையோ சங்கத்துச் சகோதரிகளையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக் கேளுங்கள். விசயம் தெரிந்த வீடு என்று தெரிந்தால் வேலையும் கவனமாக நடக்கும்.

இந்தத் தொழில் ஆண்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. குளிரூட்டல், வளிச்சீராக்கல் பயிற்சிக்கு என்.வி.கியூ. சான்றிதழ் உண்டு. பெண்கள் மட்டும் இருக்கும் அறைக்குள் போய் வேலை செய்யக்கூடிய ஒரு பெண் திருத்துநர் நமது ஊர்களில் இருந்தால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமிராது. ஓ.எல். முடித்து வீட்டில் இருக்கும் மகளோடு இதைப் பற்றி ஒருமுறை பேசிப் பாருங்கள்.