சிலுவை தரித்த வாள்



கோட்டை மதில்கள், ஏணிகள், ஓங்கிய வாள்கள், அவற்றின் நடுவே சிலுவைக்கொடி. குஸ்தாவ் டோரே வரைந்த சிலுவைப்போர்ப் படங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். மிஷோ என்பவர் எழுதிய சிலுவைப்போர் வரலாற்றின் 1877ஆம் ஆண்டுப் பதிப்புக்காக அவர் 100 படங்கள் வரைந்தார். செதுக்குநர்கள் அவற்றை மரக்கட்டையில் வெட்டி அச்சுக்குக் கொடுத்தனர். இத்தகைய படமொன்றைச் "சபையின் வெற்றி" என எவரேனும் உங்களுக்கு அனுப்பினால், அதற்கு ஆமென் சொல்லாதிருங்கள்.

நடந்தது என்ன? 1095இல் கிளேர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்டவர்களில் சிலர், 1096இல் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதரை வெட்டினர். 1099 ஜூலை 15 அன்று எருசலேம் வீழ்ந்தபோது முஸ்லிம்களும் யூதரும் திரளாய்க் கொல்லப்பட்டனர். அதன்பின் அவர்கள் ஆண்டவரின் கல்லறை ஆலயத்திற்குச் சென்று ஸ்தோத்திரம் செலுத்தினர். கொலையைவிட அந்த ஸ்தோத்திரமே என்னை அதிகமாய் நடுங்கச் செய்கிறது.

"மறுபக்கத்தார் மட்டும் குற்றமற்றவர்களோ?" என்பார்கள். 1187இல் சலாதீன் எருசலேமைப் பிடித்தபோது மீட்புப்பணம் செலுத்தியோரைப் போகவிட்டார். செலுத்த இயலாத பலர் அடிமைகளாயினர். ஆம், அவர் கையும் சுத்தமல்ல. ஆயினும் அயலானின் குற்றத்தை எடைக்கல்லாக்கி நம் குற்றத்தை நிறுப்பது மனந்திரும்புதலாகுமோ?

"யோசுவா போர்செய்யவில்லையா?" என்றும் கேட்பார்கள். நாம் யோசுவாவின் சேனையாக அல்ல, இயேசுவின் சீஷராக ஞானஸ்நானம் பெற்றோம். கெத்செமனேயில் பேதுரு வாளை உருவி மல்குஸின் காதை வெட்டினான். ஆண்டவர் அவனைப் பாராட்டினாரா? வாளை உறையிலிடச் சொல்லி, அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கினார். சிலுவைக்குச் செல்லுமுன் அவர் ஆற்றிய காயம், தம்முடைய சீஷன் உண்டாக்கிய காயமே. இதைக் கண்ட சபை எந்தத் துணிவில் வாளின்மேல் சிலுவையைப் பொறித்தது?

நம் நற்செய்திக் கூட்டங்களுக்கும் இன்றுவரை "குருசேடு" என்றே பெயரிடுகிறோம். அச்சொல்லுக்குச் சிலுவைப்போர் என்பதே பொருள். சமாதானத்தின் சுவிசேஷத்தை அயலாருக்கு அறிவிக்க இப்பெயரா கிடைத்தது? அடுத்த சுவரொட்டி அச்சேறுமுன் அதை நீக்கிவிடுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் அனைவரோடும் இருப்பாராக. ஆமென்.