வரப்போரம் நின்றுவிடும் சட்டம்



கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். அது லாரி ஏறி ஆத்தூர், சேலம் சேகோ ஆலைகளுக்குள் போனதும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விழித்துக்கொள்ளும். மக்காச்சோள மாவு கலந்தார்களா, வெளுக்க என்ன போட்டார்கள் என்று துருவும். அதே கிழங்கு மண்ணுக்குள் இருந்த மாதங்களில்? விவசாயிக்கும் அவர் பயிருக்கும் கால்நடைக்கும் தான் பொருந்தாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. அறுவடையாகாத செடி அதன் கணக்கில் உணவே அல்ல.

இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கல்வராயன் மலைச் சரிவில் அரை ஏக்கர் சாமை விதைக்கிறவரிடம் நோட்டீஸை நீட்டி என்ன காணப்போகிறோம்?

வயலில் உண்மையிலேயே பலித்தது வேறொன்று. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டுக்கும் வந்து குருத்தைச் சுருட்டியது. மருந்துக் கடைக்கு ஓடாமல் வேறு என்ன செய்வது? பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அதன் எதிரியான சின்னஞ்சிறு குளவியும் அங்கேதான். பராகுவேயில் கிடைத்த அந்தக் குளவியை 1981 முதல் ஆப்பிரிக்காவில் பரப்பி, கோடிக்கணக்கானோரின் கிழங்கைக் காத்த ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூரு ஆய்வு நிறுவனம் ஒன்று பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில், நமக்குப் பக்கத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை முடித்துவிடும். தெளிக்காத மருந்துக்கு எச்சம் ஏது!

எல்லாப் பூச்சிக்கும் குளவி கிடைக்காது என்பதும் தெரியும். அதனால் பிடிக்க வேண்டிய இடம் மருந்துக் கடை என்பது என் கட்சி. அதற்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் இருக்கிறது. ஆபத்தான மருந்தை மாநில அரசு தடுக்கலாம். ஆனால் 60 நாள், மிஞ்சினால் இன்னும் 30. அதற்குள் ஒரு கத்தரிச்செடிகூடக் காய்த்து ஓயாது. தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது கடுகெழுத்தில் கிடக்கிறது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலுக்கும் அப்படி ஒரு கெடு உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லும் கடைக்காரர் எத்தனை பேர்?

உங்கள் ஊர்க் கடையில் சொல்கிறார்களா, ரசீதாவது தருகிறார்களா? ஒரு அஞ்சலட்டை போதும், எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்