கோற்கட்டும் கோடரியும்

அதிகாரத்துக்கு அடையாளமாகத் தமிழர் கண்டது ஒற்றைக் கோல். அது நிமிர்ந்து நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். திருவள்ளுவரும் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பண்டை ரோமானியர் கண்டதோ கோற்கட்டு. பல கோல்கள் சேர்ந்த கட்டு என்றவுடன், "இது நம் கூட்டுறவுக்கே உரிய சின்னம் அன்றோ?" என்று உறுப்பினர் மகிழக்கூடும். அதன் வரலாற்றை ஆராய்ந்த பின்னர் மகிழ்வதே முறை.

மரக்கோல்கள் பலவற்றைச் சிவந்த தோல்வாரால் இறுகக் கட்டி, அவற்றோடு ஒரு கோடரியையும் செருகுவர். லத்தீன் மொழியில் இதற்குப் 'பாஸ்கெஸ்' என்று பெயர். லிக்டர் எனப்பட்ட ஏவலர் இதனைத் தோளில் சுமந்து ஆட்சித் தலைவருக்கு முன்னே நடப்பர். கான்சல் பதவியினருக்கு 12 ஏவலர். நெருக்கடிக் காலத்தில் அமர்த்தப்பட்ட சர்வாதிகாரிக்கு 24 ஏவலர். அது வெறும் அணியன்று. கோல் அடிப்பதற்கு, கோடரி தலை கொய்வதற்கு.

ஆயினும் ரோமானியக் குடியரசு இக்கட்டுக்கும் ஒரு கட்டுப்பாடு விதித்தது. நகரின் புனித எல்லைக்குள் கான்சலின் கட்டிலிருந்து கோடரியை நீக்கிவிட வேண்டும். ஏனெனில், குடிமகனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டால் மக்கள் மன்றத்தில் முறையிடும் உரிமை அவனுக்கு உண்டு. கான்சல் இருவரும் மாதம் மாறி மாறியே இக்கட்டின் சிறப்பைப் பெற்றனர். முடியாட்சி நீங்கிய தொடக்க நாளில், வலேரியஸ் பப்ளிகோலா என்னும் கான்சல் மக்கள் அவைக்கு முன் தம் கோற்கட்டைத் தாழ்த்தச் செய்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் கூறுவர்.

நம் புதுவைக்கும் ரோமுக்கும் பழந்தொடர்பு உண்டு. 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர் அங்கு ரோமானிய மட்கலங்களைக் கண்டெடுத்தார். அவை வாணிகத்தால் வந்தவை. ரோமின் அதிகாரம் இங்கு வரவில்லை. கோற்கட்டைச் சின்னமாகக் கொண்டு இங்கே ஆண்டது பிரெஞ்சுக் குடியரசு. 1789-இல் எழுந்த புரட்சி இச்சின்னத்துக்குப் புதுப்பொருள் தந்தது: குடியரசு ஒன்றே, அது பிரிக்கவொண்ணாதது என்பதே அப்பொருள். 1848-ஆம் ஆண்டின் பெருமுத்திரையில் சுதந்திர தேவியின் கையில் இது இடம்பெற்றது. இன்றும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டின் அட்டையில் இதனைக் காணலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உடைய புதுவைக் குடும்பங்கள் நன்கறியும்.

பிரிக்கவொண்ணாதது என்ற அக்குடியரசே 1884-இல் இங்குள்ள வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. ஐரோப்பியர் ஒரு பட்டியல். தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் ஒரு பட்டியல். ஏனையோர் ஒரு பட்டியல். முத்திரையில் கோல்கள் ஒன்றாயிருந்தன. வாக்குரிமையில் வேறு வேறாயின. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஏற்றனர். அன்று முடிவு செய்தது சின்னமன்று, எண்ணப்பட்ட வாக்கு.

இத்தாலி நாடு கற்பிக்கும் பாடம் இன்னும் கடுமையானது. 'பாசியோ' என்றால் அந்நாட்டு மொழியில் கட்டு என்பது பொருள். 1891 முதல் சிசிலித் தீவின் உழவரும் சுரங்கத் தொழிலாளரும் அப்பெயரில் சங்கங்கள் அமைத்து, குத்தகையில் நியாயமும் வரிக்குறைப்பும் கோரினர். 1894-இல் அரசு படையை ஏவி அவற்றைக் கலைத்தது. 1919-இல் முசோலினி அதே சொல்லை எடுத்துத் தம் இயக்கத்துக்குச் சூட்டினார். அவருடைய குண்டர் படைகள் 1921, 1922 ஆண்டுகளில் தொழிற்சங்க இல்லங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தாக்கித் தீயிட்டன. ஏழை உழவன் ஒற்றுமைக்கு வைத்த பெயர், அவன் சங்கத்தையே எரித்தவர்களின் பெயராயிற்று!

ஆதலின், கட்டாக இருப்பது மட்டும் நன்மையாகாது. கட்டுவது எது என்பதே கேள்வி. நாற்றுமுடியைக் கட்டுகிறோம், நடவு வயலில் அதனை அவிழ்த்துவிடுகிறோம். ஒவ்வொரு நாற்றும் தனித்து வேர் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அக்கட்டு. தறியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதனை முடிந்த பின்னரே மேலே நெய்வார். அவ்வோர் இழைக்கு அங்கே மதிப்பு உண்டு. அச்சத்தால் இறுக்கிய கோற்கட்டில் தனிக்கோலுக்கு மதிப்பில்லை. அது பிறரை அடிப்பதற்கே பயன்படும்.

நம் சங்கத்தைக் கட்டும் கயிறு, பங்கு எத்தனையாயினும் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதியாகும். 1844-இல் ராச்டேல் நகர நெசவாளரும் பிற தொழிலாளரும் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த முறை இது. கேள்வி கேட்ட உறுப்பினருக்குக் கடன் தாழ்க்கப்படுமாயின், நூலோ உரமோ மறுக்கப்படுமாயின், அங்கே கட்டுக்குள் கோடரி ஒளிந்திருக்கிறது என்று அறிக. கணக்கைப் படிக்காது கையொப்பமிடும் உறுப்பினரும் அக்கோடரிக்குக் கூர் தீட்டுபவரே.

பொதுப்பேரவை என்பது நம் நகர எல்லை. அதனுள் வரும் நிர்வாகிகள் கோடரியைப் புறத்தே வைத்துவிட்டு வருக. பப்ளிகோலாவைப் போல் கோலைத் தாழ்த்துக. உறுப்பினர்களே, நீங்கள் தவறாது வாருங்கள். வரவு செலவைப் படித்து ஐயத்தை எழுந்து கேளுங்கள். அவை கூடாத இடத்தில் தாழ்த்திய கோலை யார் காண்பது?