மலையடிவாரத்திலிருந்து மிராமாரேவுக்கு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் வழியில் விதுராவில் டீ குடிக்க இறங்குவார்கள். அதற்கப்புறம் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பனியும் தேயிலையும். விதுராவை ஒட்டிய மலைச்சரிவில்தான் 'ஐசர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2008-ல் தொடங்கப்பட்டது. இயற்பியலும் கணிதமும் படிக்க நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும்தான்.

வளாகத்துக்குள் மொழி ஆங்கிலம். பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டால் மலையாளம். ஐந்தாண்டுப் படிப்பு முடியும்போது பஸ்ஸின் பெயர்ப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் கிளம்புகிறவர்கள் எந்த மாநிலத்து உயர்கல்வி வளாகத்திலும் உண்டு. 'சேட்டா', 'மதி', 'ஊணு' என்ற மூன்றே சொற்களில் காலம் தள்ளியவர்கள். தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் வேடிக்கையானது. மலையாளம் பாதி புரிந்துவிடுகிறது. அந்தத் தைரியத்திலேயே மீதிப் பாதியைக் கற்றுக்கொள்வதில்லை.

கோட்பாட்டு இயற்பியல் படித்தவர்கள் அடுத்து விண்ணப்பம் போடும் இடங்களில் ஒன்று இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள ட்ரியெஸ்தே நகரம். பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் ஸலாம் 1964-ல் அங்கே சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தை நிறுவினார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951-ல் லாகூர் திரும்பிய ஸலாம், பேசுவதற்கு ஒரு சக இயற்பியலாளர் இல்லாத தனிமையில் மூன்றாண்டுகள் இருந்து பார்த்துவிட்டு மீண்டும் இங்கிலாந்துக்கே போக நேர்ந்தது. இந்த நிலைமை மற்ற ஏழை நாட்டு விஞ்ஞானிகளுக்கு வரக்கூடாது, அவர்கள் சொந்த நாட்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு அவ்வப்போது வந்து மூச்சு வாங்கிப் போக ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளமோ படிப்பு 1991-ல் தொடங்கியது. அதே நகரத்தில் 'சிஸ்ஸா' என்ற ஆராய்ச்சிப் பள்ளி (1978). இரண்டிலும் பாடம் ஆங்கிலத்தில்.

நமக்கும் அந்த ஊருக்கும் பழக்கம் புதிதல்ல. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தண்டரை கிராமத்தில் பிறந்த கணித மேதை எம்.எஸ். நரசிம்மன் 1990-களில் அந்த மையத்தின் கணிதப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கே.ஆர். ஸ்ரீநிவாசன் 2003 முதல் 2009 வரை அதன் இயக்குநர். 2019-ல் இயக்குநர் பொறுப்பை ஏற்றவரும் ஓர் இந்தியரே: அதிஷ் தபோல்கர்.

ஆக, விதுராவிலிருந்து போகிற மாணவருக்கு ட்ரியெஸ்தே ஒரு விதத்தில் பழகிய இடம்தான். அங்கேயும் மலைச்சரிவு. அங்கேயும் மரங்களுக்கு நடுவே கட்டடங்கள். மையம் மிராமாரே கோட்டைப் பூங்காவை ஒட்டி, நகரத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கிறது. கீழே நீலமாக அட்ரியாடிக் கடல். உள்ளே ஆங்கிலம், நைஜீரியர், ஈரானியர், வங்கதேசத்தவர், கியூபாக்காரர் என்று எல்லோரும் அவரவர் உச்சரிப்பில் அதைப் பேசுகிறார்கள். வாசலைத் தாண்டினால் மட்டும் வேறு உலகம்.

அந்த வேறு உலகம் முதலில் பிடித்துக்கொள்வது மாணவரின் பெயரை. இத்தாலியில் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், போன் இணைப்பு எல்லாவற்றுக்கும் 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற 16 எழுத்து-எண் வரிக் குறியீடு தேவை. அதில் முதல் மூன்று எழுத்துகள் குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகள். தமிழருக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருக்கும். அப்பா முருகேசன் என்றால் பிள்ளையின் குறியீடு எம்.ஆர்.ஜி. என்று ஆரம்பிக்கும். அலுவலகத்தில் 'முருகேசன்!' என்று உரக்கக் கூப்பிடும்போது, ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் மனிதரை இங்கே யார் தேடுகிறார்கள் என்று பிள்ளை ஒரு கணம் திகைத்துப் போகிறார். குறியீட்டின் மற்ற விதிகளும் சுவாரசியமானவை. பெண்ணாக இருந்தால் பிறந்த தேதியோடு 40-ஐக் கூட்டி எழுதுவார்கள்; 5-ம் தேதி பிறந்த பெண்ணுக்கு 45. இந்தியாவில் பிறந்த அத்தனை பேருக்கும் இசட் 222 என்ற ஒரே ஊர். தண்டரையானாலும் தாராவியானாலும் அதுதான்.

அடுத்தது 'பெர்மெஸ்ஸோ', தங்குவதற்கான அனுமதிச் சீட்டு. நீண்டகாலப் படிப்புக்கு வருகிற மாணவர் நாட்டுக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுப்பது தபால் நிலையத்தில். அதில் ஒட்ட வேண்டிய 16 யூரோ முத்திரைத் தாள் வாங்குவது புகையிலைக் கடையில். கறுப்புப் பலகையில் வெள்ளை 'டி' எழுத்து தொங்கும் அந்தக் கடை நம்மூர்ப் பெட்டிக்கடையின் ஒன்றுவிட்ட சகோதரன்: சிகரெட், லாட்டரி, பஸ் டிக்கெட், அரசாங்க முத்திரை எல்லாம் அங்கேயே. பிறகு கைரேகை கொடுக்கப் போலீஸ் தலைமையகத்துக்குப் போக வேண்டும். அட்டை கைக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். சிலருக்கு அதற்குள் புதுப்பிக்கும் நாளே நெருங்கியிருக்கும். அதுவரை தபால் நிலைய ரசீதுதான் சட்டப்படி மானம் காப்பது. ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீஸ் நடந்து தேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் இதிலெல்லாம் அதிகம் கலங்குவதில்லை. ஐரோப்பாவில் எல்லாம் பொத்தானை அழுத்தினால் நடக்கும் என்று நம்பி வந்தவர்கள்தான் பாவம்.

வேடிக்கை என்னவென்றால் அதே 'பெர்மெஸ்ஸோ' என்ற சொல் வீட்டு வாசலிலும் பயன்படுகிறது. ஓர் இத்தாலியர் வீட்டுக்குள் காலடி வைக்கும்போது, அவரே கதவைத் திறந்து 'வாருங்கள்' என்று சொன்ன பிறகும், 'பெர்மெஸ்ஸோ' என்று சொல்லிக்கொண்டு நுழைவதுதான் மரியாதை. அரசாங்கம் தரும் சீட்டுக்குப் பெயரும் அதே. வீட்டு வாசலில் கேட்கும் பெர்மெஸ்ஸோவை வரிசையில் நிற்காமலே கொடுத்துவிடுகிறார்கள்.

காப்பி விஷயத்தில் ட்ரியெஸ்தே இத்தாலிக்குள்ளேயே ஒரு தனி நாடு. 1719-ல் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நகரம் அது. 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் வாசல். காப்பிக்கொட்டை மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கியது. உலகப் புகழ்பெற்ற 'இல்லி' நிறுவனம் 1933-ல் அங்கே பிறந்ததுதான். இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி என்பதால், குடகிலோ வயநாட்டிலோ காய்த்த கொட்டையும் அந்தக் கோப்பையில் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் கடையில் கேட்பதற்குத் தனி அகராதி வேண்டும். மற்ற ஊர்களில் எஸ்பிரஸ்ஸோ எனப்படுவது இங்கே 'நேரோ', அதாவது கறுப்பு. அதில் கொஞ்சம் பால் நுரை சேர்ந்தால் 'காப்போ'. அதையே சிறு கண்ணாடி டம்ளரில் கேட்டால் 'காப்போ இன் பி'. கும்பகோணத்துக்காரர் டிகிரி காப்பியில் டிகாக்ஷன் அளவைச் சொல்வது போன்ற நுணுக்கம். புதிதாக வந்த மாணவர் ஆங்கிலத்தில் 'காபி ப்ளீஸ்' என்பார். ஏதோ ஒன்று வரும். சரியான சொல்லைச் சொல்கிற அன்றைக்குத்தான் கடைக்காரர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார்.

சாப்பாட்டில் பெரிய அவதி சைவர்களுக்கு. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும். அவர்கள் கணக்கில் மீன் இறைச்சி அல்ல. புளித்த முட்டைக்கோசும் பயறும் போட்ட 'யோத்தா' என்ற உள்ளூர் சூப்பைப் பார்த்து ஆசைப்பட்டால் அடியில் பன்றித் துண்டு கிடக்கும். 'பொலெந்தா' வந்தால் பிழைத்தோம்: அது நம் மக்காச்சோளக் களியேதான். குழம்புக்கு மட்டும் வங்கதேசத்தவர் நடத்தும் மளிகைக் கடையைத் தேடிப் போக வேண்டும்.

குளிர்காலத்தில் 'போரா' அடிக்கும். கார்ஸ்ட் மேட்டிலிருந்து கடலை நோக்கிப் பாயும் வறண்ட காற்று. சில நாட்களில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். ஒரு காலத்தில் நடந்து போகிறவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருக்களில் கயிறும் சங்கிலியும் கட்டினார்கள். இந்தக் காற்றுக்கென்று ஒரு குட்டி அருங்காட்சியகமே உண்டு. உலகத்துக் காற்றுகளைப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். (பொன்முடிக் காற்றை யாரும் இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பலாம்.) கோடை வந்தால் பார்கோலா கடற்கரைச் சாலையில் நகரமே சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கும். அதே நகரத்தில் 'பெடோச்சின்' என்ற கடற்கரையில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க ஒரு வெள்ளைச் சுவர் நிற்கிறது. பழைய ஆஸ்திரியக் காலத்துச் சுவர். இடிக்கலாமா என்ற பேச்சு வந்தால் சுவருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களில் பெண்கள் அதிகம்.

ட்ரியெஸ்தே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருக்கும். இத்தாலியில் பல தேர்வுகள் வாய்மொழி. பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து, மற்ற மாணவர்களும் கேட்டுக்கொண்டிருக்க, பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 30, தேற 18. மதிப்பெண் பிடிக்கவில்லையென்றால் 'வேண்டாம்' என்று மறுத்துவிட்டு இன்னொரு நாள் வந்து எழுதலாம், அதாவது பேசலாம். எழுதிக் குவித்தே மேலே வந்த நம் பிள்ளைகளுக்கு முதல் தேர்வில் நா வறண்டுவிடுகிறது. மதிப்பெண்ணை மறுக்கும் உரிமையை நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க ஆகிறது.

மொழியைக் கற்றுக்கொள்ளாமல் இதையெல்லாம் சமாளிக்க முடியாதா? முடியும். படிப்பில் உதவித்தொகையும் தங்க இடமும் ஆங்கிலம் பேசும் அலுவலகமும் கிடைத்தவர்கள் நன்றாகவே சமாளிக்கிறார்கள். மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முதல் தேர்வு நெருங்கியதும் நழுவிவிடுவதுதான் வழக்கம். பாடம் ஆங்கிலத்தில்தானே, ஒரு வருடம்தானே என்ற கணக்கு. விதுராவில் போட்ட அதே கணக்கு.

கொடுமை என்னவென்றால், தமிழ்ப் பிள்ளைக்கு இத்தாலிய மொழி அத்தனை தூரமில்லை. ஆங்கிலத்தில் இல்லாத 'நீ-நீங்கள்' வித்தியாசம் அங்கே உண்டு. நண்பனுக்கு 'தூ', பேராசிரியருக்கும் கடைக்காரப் பெரியவருக்கும் 'லேய்'. யாரை எப்போது எதில் அழைப்பது என்பது வீட்டிலேயே கற்று வந்த பாடம். ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும் என்பதும் நமக்குத் தெரியும்: பலி வேறு, பல்லி வேறு. அங்கே 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. ஆங்கிலேய மாணவர்கள் வருடக்கணக்கில் தடுமாறும் இடம் அது. அந்தத் தேசத்திலிருந்து 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த கான்ஸ்டன்ஸோ பெஸ்கி, வீரமாமுனிவராகித் தமிழுக்கே 'சதுரகராதி' எழுதிக் கொடுத்தார். நாம் அங்கே போய் 'ஒரு காப்போ கொடுங்கள்' என்று கேட்கக் கூச்சப்படுகிறோம்.

1905-ல் ட்ரியெஸ்தேவுக்குப் பிழைக்க வந்த ஓர் ஐரிஷ்காரர் பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ். விற்றது ஆங்கிலம்தான், ஆனால் வீட்டில் பிள்ளைகளோடு பேசியது ட்ரியெஸ்தேவின் தெரு மொழி. ஊரைவிட்டுப் போன பின்பும் அந்தக் குடும்பம் அதையே பேசிக்கொண்டிருந்தது.

கணக்கு தப்பும் நாளும் வருகிறது. 2020 மார்ச் 9 அன்று இத்தாலி முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பால் வாங்க வெளியே போனாலும், எதற்காகப் போகிறோம் என்று தாமே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் கையில் இருக்க வேண்டும். படிவம் இத்தாலிய மொழியில். சில வாரங்களுக்குள் அது பல முறை மாற்றப்பட்டது. தெருவில் நிறுத்திக் கேட்கும் போலீஸ்காரரிடம் பதில் சொல்ல வேண்டியதும் அந்த மொழியில்தான். மார்ச் 15 அன்று மிலானிலிருந்து டெல்லிக்கு வந்த சிறப்பு விமானத்தில் 218 இந்தியர்கள். அவர்களில் 211 பேர் மாணவர்கள். ஒரு வாரத்தில் ரோமிலிருந்து இன்னொரு விமானம். கிளம்ப முடியாமலோ கிளம்ப விரும்பாமலோ அறைகளில் தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் துணை, தெரு முனைக் கடைக்காரரும், மருந்துக்கடைப் பெண்ணும், மாடி வீட்டுப் பாட்டியும். பாட்டியிடம் பேசுவதற்குச் சொல் வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அந்த இரண்டு மாதங்கள் ஒரே மாதிரி கழிந்திருக்காது.

தனிமையால் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்த ஸலாம் கட்டிய மையத்தில், தனிமை வேறு உருவில் வந்து உட்கார இடம் கொடுக்க வேண்டியதில்லை. அறிவியல் மாணவருக்கு மொழி எதற்கு என்ற கேள்வியை இங்கே, விதுராவிலேயே மாற்றிக் கேட்கத் தொடங்கலாம். முதல் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் மலையாளம் வைத்தால் குவாண்டம் இயக்கவியல் கெட்டுவிடாது. புது ஊரின் மொழியைக் காதில் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த ஊரின் மொழி பாதி சுலபம்.

ட்ரியெஸ்தேவுக்கு மேலே கார்ஸ்ட் மேட்டுக் கிராமங்களில் 'ஒஸ்மித்சா' என்று ஒரு வழக்கம். 1784-ல் ஆஸ்திரியப் பேரரசர் கொடுத்த சலுகை. குடியானவர்கள் தங்கள் வீட்டு ஒயினையும் உணவையும் வருடத்தில் எட்டு நாட்கள் வீட்டிலேயே விற்கலாம். ஸ்லோவேனிய மொழியில் 'ஒசெம்' என்றால் எட்டு. இப்போது நாட்கள் கூடிவிட்டன, வழக்கம் மாறவில்லை. எந்த வீடு இன்று திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், சாலைச் சந்திப்பில் கட்டித் தொங்கவிட்ட ஒரு இலைக்கொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் அதைத் தேடி நடக்கிறார்கள். இரண்டு சந்திப்புகளுக்கு அப்புறம் கொத்து கண்ணில் படாது. வேலியோரம் நிற்கும் கிழவரிடம் வழி கேட்க வேண்டும், இத்தாலிய மொழியில். இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஸ்லோவேனியத்தில்.