மரபு தேக்கமன்று

மரபைப் போற்றுவோர் புதுமைக்குப் பகைவர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது முழுதும் பொருந்தாது என்பதே நம் துணிபு. அமெரிக்க ப்ளூகிராஸ் இசைவாணர் ரால்ஃப் ஸ்டான்லியின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

1927இல் வர்ஜீனிய மலைநாட்டில் பிறந்த அவர், பாஞ்சோ இசைக்கத் தம் தாயிடமே பயின்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்ட மக்களின் வழியே அமெரிக்காவில் தோன்றிய கருவி அது. 1946இல் தமையன் கார்ட்டருடன் இசைக்குழு அமைத்தார். 1950களில் ராக் அண்ட் ரோல் அலை எழவே, மலைநாட்டு இசைக்கு வாய்ப்புகள் சுருங்கின. 1966இல் கார்ட்டர் 41ஆம் வயதிலேயே மறைந்தார். மேடையில் முன்னின்றவர் அண்ணனே. தம்பியோ கூச்ச இயல்பினர். ஆயினும் அவர் ஓயவில்லை. இன்னும் பழைமைக்கே திரும்பி, தாம் வளர்ந்த திருச்சபையில் கருவியின்றிப் பாடும் முறையை மேடையேற்றினார். கேட்டோர்க்கு அப்பழைமையே புதுமையாயிற்று!

2000இல் வெளிவந்த திரைப்படமொன்றில் அவ்வாறே தனிக்குரலில் அவர் பாடிய பாடல், 2002இல் கிராமி விருது பெற்றது. அப்போது அவருக்கு வயது 75. 2016இல் அவர் மறைந்தார்.

விருது அவரை ஆக்கவில்லை. அரை நூற்றாண்டு உழைப்பே ஆக்கியது. உலகந்தான் காலந்தாழ்த்தி வந்தது. அண்ணனோ அப்புகழைக் காணாமலே போனார். ஆதலின் மூத்த கலைஞரைப் போற்ற விருதை எதிர்நோக்கியிருத்தல் வேண்டா. அவர் பாடும்போதே சென்று கேட்போம். அதுவே நாம் மரபுக்குச் செய்யும் கைம்மாறு.